நீலம் இல்லாத சில்லு

மண்ணில் பாதிக்குப் பாதி வெறும் ஓட்டைதான் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை மண்ணின் மேல் படுத்துத்தான் பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறேன். கட்டடம் எழும்பும் இடங்களில், சவுக்குத் தோப்பில், ஒரு மழைக்காலம் முழுக்க மாமல்லபுரம் கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகுக்கு அடியில். முதுகுக்குக் கீழே இருப்பது கெட்டியான ஒன்று, நம்மைத் தாங்குகிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், ஓட்டலில் சப்ளையர், கல்பாக்கம் குடியிருப்புகளில் பெயிண்டிங். ஓர் இடத்தில் ரொம்ப நாள் இருந்தால் எனக்குக் கால் நமநமக்கும். கடைசியாக மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் பாலிஷ் வேலை பார்த்தேன். சிலை செய்கிறவன் இல்லை நான். செய்து முடித்த சிலையில் மெஷினை வைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறவன். கல் தூசி நெஞ்சில் ஏறி இருமல் நிற்காமல் போனதும் கூடத்துக்காரர் என்னை நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பில்லை. இருமுகிறவனை வாசலில் வைத்துக்கொண்டு யாரும் வியாபாரம் செய்ய முடியாது.

அப்போது நான் குடியிருந்தது நெம்மேலிக்குத் தெற்கே ஓர் அக்கா வீட்டின் பின்பக்க அறையில். சொந்த அக்கா இல்லை. வாடகைக்குப் போன இடத்தில் வந்த உறவு. அக்கா கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய விடுதியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். விருந்தாளிகள் படுத்து எழுந்த விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்ப வேண்டும். மாமா, அதாவது அவள் கணவர், அதே சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன்.

அக்காவின் அப்பா அம்மா இருவரும் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பத்திரத்தில் பெயர் ஏறிய முதல் ஆள் அக்காதான். கால்வாய் ஓரமாக ஐம்பது சென்ட். முன்பு அது கடல் தண்ணீர் தேக்கின இறால் குட்டையாக இருந்தது. குட்டை வைத்திருந்தவர் நோய் வந்து இறாலெல்லாம் செத்துப்போய், கரையை உடைத்துத் தண்ணீரை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போனவர். அதனால் அவளுக்கு எட்டுகிற விலைக்கு வந்தது. வாங்கிய அன்று நிலம் முழுக்க உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததாம். நான் குடிவந்தது அதற்குப் பிறகு.

உப்பு நிலத்துக்கு அந்தக் கடலோரத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். வரப்பை உயர்த்திக் கட்டி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி, நாலு நாள் ஊறவிட்டு, கால்வாய்ப் பக்கம் வரப்பில் வாய் வெட்டி வடித்துவிடுவது. மறுபடி தேக்குவது, மறுபடி வடிப்பது. துணி அலசுவது மாதிரிதான். அக்காவுக்கு இது கை வந்த வேலை. மூன்று மழைக்காலம் விடாமல் அலசினாள். பகலில் விடுதியில் விரிப்புகள், வேலை முடிந்து வந்ததும் நிலம். முழங்கால் தண்ணீரில் நின்று மண்வெட்டியால் வாயைத் திறந்துவிட்டு, கலங்கிய தண்ணீர் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் கலங்கிப் போகப் போக அவளுக்குச் சந்தோஷம். அழுக்கு போகிறது என்று.

மூன்றாவது மழை முடிந்ததும் ஒரு கட்டி மண்ணை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"வாயில வெச்சிப் பாரு. உப்பு கீதா சொல்லு."

வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. வெறும் மண் ருசி. மாமாவும் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த வருடம் வேர்க்கடலை போட்டாள். முளைத்தது பாதி, முளைத்ததும் விரல் உயரத்தில் மஞ்சளடித்து நின்றுவிட்டது. வெண்டை போட்டாள். வெளியிலேயே வரவில்லை. மேல் மண் ஓடு மாதிரி இறுகி, முளை அதை முட்டி முட்டி வளைந்து உள்ளேயே கிடந்தது. அந்த இறுகின மேல் மண்ணைப் பெயர்த்து எடுத்தபோது கீழே வெள்ளையாக, சுருண்டு, மண்புழு மாதிரி கிடந்த முளைகளைப் பார்த்தோம்.

நான் வாழ்க்கையில் அதிகம் அதிர்ச்சி அடைகிற ஆள் இல்லை. பசியையும் அடிதடியையும் பார்த்தவனுக்கு எதுவும் அப்படி இருக்காது. ஆனால் அந்த நிலத்தில் ஒரு நாள் பார்த்தது என்னை உலுக்கிவிட்டது. கோடையில் வந்த ஒரு மழை. இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. குட்டை வெட்டாத பக்கத்து நிலங்களில் தண்ணீர் அன்றைக்கே உள்ளே போய்விட்டது. அக்கா நிலத்தில் மட்டும் கணுக்கால் அளவு நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாளும். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் நடுவிலேயே குத்திப் பெயர்த்தேன். மேலே இரண்டு விரல் அளவு வழவழவென்று சேறு. அதற்குக் கீழே மண் காய்ந்து கிடந்தது. ஈரமே இல்லை. கட்டியைக் கையில் எடுத்து நசுக்கினேன், தூசி பறந்தது. மேலே தண்ணீர், கீழே தூசி. மாமா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான் இது, தார்ப்பாய் விரிச்ச மாதிரி கீது" என்றார்.

நான் வெட்டிய குழிக்குள் தண்ணீர் சரிந்து இறங்கியது. அந்தக் குழிக்குள்ளும் அது அப்படியே நின்றது.

இதையெல்லாம் வெளியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. சுற்றுவட்டாரத்தில் பழைய இறால் குட்டைகளை வாங்கி, கிராவல் அடித்து நிரவி, மனை போடுகிற கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தருகிற புரோக்கர். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவார். வண்டியை ரோட்டில் நிறுத்த மாட்டார். நேராக அக்கா நிலத்துக்குள் ஓட்டி வந்து, கிழக்கு மூலையில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். மழை நின்று ஒரு வாரத்தில் அந்தத் தரை சிமெண்ட் போட்டது மாதிரி ஆகிவிடும். ஸ்டாண்டை ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியா, இது வூடு கட்டத்தான் லாயக்கு" என்பார். வம்புக்காரர் இல்லை. அக்கா டீ போட்டுக் கொடுப்பாள், குடித்துவிட்டுப் போவார். ஆனால் அந்த வருடம் பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வருகிற பொங்கலுக்கு அக்காவின் பதில் வேண்டும், அதற்கப்புறம் கம்பெனி இவளை விட்டுவிட்டுச் சுற்றி வேலி போட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு விற்கத்தான் மனசு. விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்திரத்தில் பெயர் ஏறியதே நமக்குக் கொடுத்து வைத்தது, அதையும் விற்றால் மறுபடி ஒன்றுமில்லாதவளாகப் போவேன் என்று அக்கா என்னிடம் ஒரு தடவை சொன்னாள்.

எனக்கு வேலை கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். பொத்தேரியைத் தாண்டி ஓர் ஆய்வுக்கூடத்தில் மெல்லிசாகத் தேய்க்கத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள் என்று சிற்பக் கூடத்தில் இருந்த ஒருவர் சொன்னார். போனேன். மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு மேடம். திண்டுக்கல் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர், எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். இங்கே தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், தூசி வராது என்றார். நெஞ்சுக்கு அது போதும் என்று சேர்ந்துவிட்டேன்.

வேலை இதுதான். இரண்டு பக்கமும் திறந்த சின்னத் தகர டப்பாவைக் குழியின் சுவரில் மெதுவாக அழுத்தி, மண்ணை அது இருந்த மாதிரியே, கலையாமல் வெட்டி எடுப்பது. எது மேல், எது கீழ் என்று டப்பாவில் அம்புக்குறி போடுவது. கூடத்தில் அதை நிதானமாகக் காயவைத்து, பிசின் மாதிரி ஒரு திரவத்தை ஊற்றி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் திரவம் மண்ணின் எல்லா ஓட்டைக்குள்ளும் போய் நிரம்பும். அந்தத் திரவத்தில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். நாள்பட அது கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் அறுத்து, ஒரு சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு. கடைசித் தேய்ப்பில் கை கொஞ்சம் அழுந்தினாலும் சில்லு காணாமல் போய்விடும். முதல் மாதம் நிறையக் காணாமல் போனது. மேடம் திட்டவில்லை, மறுபடி டப்பாவைக் கொடுத்தார்.

முதன்முதலாகச் சரியாக வந்த சில்லு சவுக்குத் தோப்பு மண். மேடம் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கம்ப்யூட்டர் திரையில் காட்டினார். நீலமாகத் தெரிவதெல்லாம் ஓட்டை, காற்றும் தண்ணீரும் போகிற வழி என்றார். திரையில் பாதிக்கு மேல் நீலம். மணல் துகள்கள் நீலத்தில் மிதக்கிற மாதிரி இருந்தன. வேர் போன இடம் வட்டமாக ஒரு நீலக் குழாய். அதன் ஓரத்தில் கடுகைவிடச் சின்ன உருண்டைகள் கொத்துக் கொத்தாக. அது என்ன என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் எச்சம், அதுதான் மண்ணை உருண்டை உருண்டையாகப் பிடித்து வைக்கிறது என்றார். அந்தத் தோப்பில் நான் பல மாதம் படுத்திருக்கிறேன். நான் படுத்திருந்தது இப்படி ஓர் ஊரின் கூரை மேல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிரவு படுக்கும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அடுத்தது மனை போட்ட இடத்து மண். ரோலர் ஓடின இடம். அங்கே நீலம் குழாயாக இல்லை, படுக்கையாக இருந்தது. அடுக்கி வைத்த அப்பளங்களுக்கு நடுவில் இடைவெளி தெரிவது மாதிரி, மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக. மேலிருந்து கீழே இறங்க ஒரு வழிகூட இல்லை. ரோலரின் எடையை மண்ணுக்குள் எழுதி வைத்த மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. நானும் ஒரு காலத்தில் ரோலர் ஓட்டுகிறவனுக்குத் துணையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அப்போது பார்த்தது வழவழவென்று நிரவிய அழகான தரையை மட்டும்தான்.

அக்கா நிலத்தைப் பற்றி மேடத்திடம் சொன்னேன். இறால் குட்டை மண் தன்னிடம் இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நிலத்தின் நடுவில் ஓர் இடத்தில் எடுத்தோம். இன்னொன்று, குட்டை வெட்டுவதற்கு முன்பிருந்தே எல்லையில் நிற்கிற நுணா மரத்தின் அடியில் எடுத்தோம். இரண்டுக்கும் நடுவே முப்பது தப்படிகூட இருக்காது. நடுநிலத்தில் டப்பா இறங்கவில்லை. கடப்பாரையால் பெயர்த்து, கத்தியால் செதுக்கித்தான் எடுக்க முடிந்தது.

இரண்டு சில்லையும் நானே தேய்த்தேன். நுணா மரத்தடிச் சில்லு நன்றாக வந்தது, பழகின நீலம். நடுநிலத்துச் சில்லை வைத்ததும் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். திரை முழுக்கப் பழுப்பு. களிமண் வழிந்து ஓடி உறைந்தது மாதிரி, மணல் துகள்களைச் சுற்றி, இண்டு இடுக்கு விடாமல். சாயம் கலக்க மறந்துவிட்டேனோ என்று கேட்டேன். மேடம் சில்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பழைய ஓட்டைகள் இருந்த இடம் தெரிந்தது. வட்ட வட்டமாக, உள்ளே படலம் படலமாகக் களிமண் வந்து படிந்து, கடைசியில் மூடிப்போயிருந்தது. நீலம் இல்லை. சாயம் கலந்துதான் இருந்தது. உள்ளே போக இடமில்லை.

"இது உப்பு பண்ண வேலை இல்லண்ணா" என்றார் மேடம். "உப்பைக் கழுவினதுல வந்தது."

எனக்குப் புரியவில்லை. மறுபடி மறுபடி கேட்டேன். என் மரமண்டைக்கு ஏறுகிற மாதிரி அவர் சொன்னது இது. கடல் தண்ணீரில் இருக்கிற சோடியம் களிமண் துகளில் போய் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் உப்பு நிறைய இருக்கிறவரை துகள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மழைத்தண்ணீரால் உப்பை மட்டும் கழுவி எடுத்துவிட்டால், ஒட்டின சோடியம் போகாது, பிடிப்பு மட்டும் போய்விடும். துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரில் மிதந்து, கண்ட ஓட்டையில் போய் உட்கார்ந்து அடைத்துவிடும். நாக்குக்கு உப்பு தெரியாது, மண் நல்லதாகிவிட்டது என்று தோன்றும்.

மூன்று மழைக்காலமாக முழங்கால் தண்ணீரில் நின்று, கலங்கின தண்ணீர் வெளியே போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது யார் என்று எனக்குத் தெரியும். அழுக்கு போகிறது என்று அவள் நினைத்தது நிலத்தின் களிமண். போனது கொஞ்சம், மீதி உள்ளே போய் அடைத்திருந்தது.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வந்து பார் என்று மட்டும் சொன்னேன். லீவு நாளில் மாமாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டுக்கு பஸ், அங்கிருந்து ரயில். நல்ல புடவை கட்டியிருந்தாள், ஆஸ்பத்திரிக்கு வருகிற மாதிரி. மேடம் முதலில் நுணா மரத்தடிச் சில்லைக் காட்டினார். நீலம் என்றால் என்ன என்று விளக்கினார். அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் விரலால் நீலக் குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தினி வூடு, எத்தினி சந்து. இது என் நெலமா?"

உன் நிலத்தின் ஓரம் என்றேன். அப்புறம் மேடம் அடுத்ததை வைத்தார்.

அக்கா திரையில் அங்கும் இங்கும் விரலை ஓட்டினாள். நீலத்தைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. மேடம் காரணத்தைச் சொல்லச் சொல்ல, மாமா ஒரு ஸ்டூலை இழுத்து அக்காவின் பின்னால் போட்டார். அவள் உட்காரவில்லை. மேடம் ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் மாதிரி சுத்தமான, பேட்டரிக்கு விடுகிற தண்ணீரை ஊற்றி, நடுநிலத்து மண்ணில் பட்டாணி அளவு கட்டி ஒன்றைப் போட்டார். அசைக்கவில்லை, கலக்கவில்லை. சும்மா வைத்தார். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு கலங்கல் கிளம்பியது. புகை மாதிரி அடியில் பரவியது. அரைமணி நேரத்தில் டம்ளர் பாதி பாலாகிவிட்டது. யாரும் தொடாத ஒரு மண்கட்டி தானாகவே கரைந்து காணாமல் போவதை நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் வடிச்ச தண்ணி இந்த நெறம்தான்" என்றாள் அக்கா.

மேடம் இன்னொரு டம்ளரில் அதே தண்ணீரை ஊற்றி, ஒரு சிட்டிகை ஜிப்சம் என்கிற வெள்ளைப் பொடியைக் கரைத்து, இன்னொரு கட்டியைப் போட்டார். கட்டி உதிர்ந்தது. ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகவே நின்றது. ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், அதற்கப்புறம்தான் கழுவ வேண்டும் என்றார். கழுவினது தப்பில்லை, முன்பின் மாறிப்போச்சு, அவ்வளவுதான் அக்கா என்று சமாதானமாகச் சொன்னார்.

அக்கா இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரத்தக் கறைக்குச் சுடுதண்ணி ஊத்தின கதையா கீது" என்றாள்.

மேடத்துக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினாள். சலவைக்கு வருகிற விரிப்பில் ரத்தம் இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். புதிதாகச் சேருகிற பெண்கள் சுத்தம் செய்கிற ஆசையில் நேராகச் சுடுதண்ணீரை ஊற்றிவிடுவார்கள். கறை நூலுக்குள் போய்ச் செட்டாகிவிடும், அப்புறம் எதற்கும் போகாது. அந்தப் பெண்களைத் தான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்றாள். "நானே என் நெலத்துக்குச் சுடுதண்ணி ஊத்திக்கினு இருந்தேன்மா, மூணு வருசமா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கறைதான் போகாது, இது போகுமா என்று கேட்டாள்.

போகும், ஆனால் சீக்கிரம் இல்லை என்றார் மேடம். எத்தனை வருடம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பொய் சொல்லாதது எனக்குப் பிடித்தது, அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றியது.

திரும்பி வரும்போது செங்கல்பட்டில் பஸ் ஏறினதும், மாமா அக்காவுக்குக் கேட்காத மாதிரி என்னிடம் பேசினார். அவள் தண்ணீரில் நின்ற நாளெல்லாம் நானும் கூட நின்றிருக்கலாம், வேலை வேலை என்று போய்விட்டேன் என்றார். கூட நின்றிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்திருப்போம் மாமா என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மழைக்கு முன்னால் விவசாய டிப்போவிலிருந்து ஜிப்சம் மூட்டைகள் வந்தன. ஐம்பது சென்டுக்கும் போட வழியில்லை. கிழக்கு மூலைக்கு மட்டும் போடலாம், விளைந்தால் மிச்சத்தைப் பார்க்கலாம் என்று அக்கா முடிவு செய்தாள். விடுதியிலிருந்து வந்ததும் வராததுமாக, சலவைச் சீருடையோடு அந்த வெள்ளைப் பொடியை அள்ளித் தூவினாள். நிலத்தில் மறுபடி உப்பு பூத்தது மாதிரி இருந்தது பார்க்க. சாலையில் போனவர்கள் நின்று விசாரித்தார்கள். உப்பைப் போக்கிவிட்டு இன்னா திரும்ப உப்பைக் கொட்டுறே என்று ஒருவர் கேட்டார். அவள் தூவிக்கொண்டே இருந்தாள். மாமா ஏர் ஓட்டுகிறவரை அழைத்து வந்து கிளறிவிட்டார். மூலைக்குத் தனி வரப்பு கட்டி, ஐப்பசி மழையை மறுபடி தேக்கினோம். இந்தத் தடவை அக்கா கையில் டம்ளரோடுதான் வாயைத் திறந்துவிட்டாள். வெளியே வருகிற தண்ணீரை அதில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். மூலையிலிருந்து வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. மற்ற பக்கத்துத் தண்ணீர் பால்.

மூலையில் தக்கைப்பூண்டு விதைத்தோம். உப்பிலும் வளர்கிற செடி, வளர்ந்ததும் மண்ணோடு மடக்கி உழுதுவிடலாம் என்று மேடம்தான் சொல்லியிருந்தார். முளைத்தது. சில இடத்தில் சொட்டை. இருந்தாலும் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அந்த நிலத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒன்று நின்றது அதுதான் முதல் தடவை. மார்கழியில் மடக்கி உழுவதற்கு முன்னால் நான் ஒரு டப்பா மண் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தச் சில்லையும் நானே தேய்த்தேன். திரையில் வைத்துப் பார்த்தோம். பழுப்பு. அதே பழுப்பு. இவ்வளவு பாடுபட்டும் ஒன்றுமே மாறவில்லையா என்று எழுந்துவிட்டேன். மேடம் உட்காரச் சொன்னார். சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஓரத்தில், தக்கைப்பூண்டின் வேர் ஒன்று போயிருந்த இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு நீலக் கோடு. நூல் மாதிரி. அதை ஒட்டி, களிமண் படலம் விண்டு, நாலைந்து சின்ன உருண்டைகள். அவ்வளவுதான். மூன்று வருடத்தில் மூடினதில் இவ்வளவுதான் திறந்திருக்கிறது. எனக்கு அது சந்தோஷமா பயமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. மூடுவது இவ்வளவு சுலபம், திறப்பது இவ்வளவு கஷ்டம் என்பதை ஒருவன் இப்படிக் கண்ணால் பார்க்கக் கூடாது.

அக்காவிடம் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். நூல் அளவுதான் என்று சொல்லிவிட்டேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சரி என்று மட்டும் சொன்னாள். மாமா என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. பொங்கலுக்கு என்ன பதில் சொல்லப் போகிறார்கள் என்று நான் கேட்கவும் இல்லை. வாடகைக்கு இருக்கிறவன் கேட்கிற கேள்வியில்லை அது.

பொங்கலுக்கு மறுநாள் புரோக்கர் வந்தார். மழை நின்று பல நாளாகியிருந்தது. சுற்றியிருந்த நிலங்களில் ஏற்கனவே கிராவல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் மூவரும் வரப்பில் இருந்தோம். அவர் வழக்கம்போல வண்டியை உள்ளே ஓட்டி வந்து, கிழக்கு மூலையில், வருடா வருடம் நிறுத்துகிற அதே இடத்தில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இறங்கி, பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். எங்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பின்னால் வண்டி மெதுவாகச் சாய்ந்தது. ஸ்டாண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்புவதற்குள் வண்டி படுத்துவிட்டது.

அவர்தான் முதலில், "இன்னாது, இங்க எப்பவும் நிக்குமே" என்றார். மூன்று வருடமாக அவர் ஸ்டாண்டைத் தட்டிக் காட்டின தரை அது. மாமா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். மாமாவும் நானும் ஓடிப்போய் வண்டியைத் தூக்கி, ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். கண்ணாடி உடைந்திருந்தது. மாமா அதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு, புரோக்கர் கேட்பதற்கு முன்னாலேயே, பேச்சுவாக்கில் சொல்கிற மாதிரி சொன்னார்:

"கையெழுத்து இல்லப்பா. நெலம் அவளுது. அவ வெச்சிக்கிறாளாம்."

அவள் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. புரோக்கர் நிலத்தைப் பார்த்தார், சுற்றி வேலி வந்துவிட்டால் வண்டி வர வழியிருக்காது, பேஜாராயிடும் என்று எச்சரித்தார். அது உண்மைதான், இன்றைக்கும் அந்தப் பேஜார் தீரவில்லை. மாமா டீ சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர் இருக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டாண்டு இறங்கின இடத்தில் ஒரு குழி. அதற்குள் ஆள்காட்டி விரலை விட்டாள். விரல் முழுக்கப் போனது. எடுத்து, நுனியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. நாக்கில் வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"நாக்கக் கேட்டு ஒண்ணும் ஆவாது" என்று விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, டம்ளர் எடுத்துவரச் சொன்னாள்.